கம்பி மாட்டவே இடமில்லாத கிழக்கு ஜன்னல்: வாடகை வீட்டில் ஓட்டை போடாமல் திரை போடுவது எப்படி?

இரவுப்பணி:

வணக்கம். புது வாடகை வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. வீடு பிடித்திருக்கிறது. ஜன்னல்களோடுதான் தினமும் சண்டை.

நான் செவிலியர். மாதத்தில் பாதி நாள் இரவு வேலை. காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு ஒன்பதுக்குப் படுத்தால் மூன்று மணி வரையாவது தூங்க வேண்டும். படுக்கையறை ஜன்னலோ நேர் கிழக்கு. நான் படுக்கப் போகும் நேரத்துக்குச் சரியாக வெயில் வந்து என் தலையணையில் உட்கார்ந்துகொள்கிறது. இப்போதைக்கு ஒரு பழைய போர்வையை ஜன்னல் கைப்பிடியில் முடிந்து தொங்கவிட்டிருக்கிறேன். அதை மாட்டினால் ஜன்னலைத் திறக்க முடியாது. ஜன்னலைத் திறந்தால் போர்வை கீழே கிடக்கும்.

ஓனர் நல்ல மனிதர்தான். ஒரே நிபந்தனை: சுவரில் புதிதாக ஒரு ஓட்டைகூடப் போடக் கூடாது. முன்பு குடியிருந்தவர் டிரில் போட்டுச் சுவரைப் பெயர்த்துவிட்டாராம், அந்தக் கோபம் எங்கள் மேல்.

அளவுகளைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

படுக்கையறை: ஜன்னல் 92 செ.மீ. அகலம், 168 செ.மீ. உயரம். இரண்டு கதவுகள், இரண்டும் அறைக்கு உள்ளே திறக்கும். சட்டம் உட்சுவரோடு சமமாக இருக்கிறது, உள்வாங்கிய குழி எதுவும் இல்லை. அதனால் "உள்ளளவுக்கு ஒரு பிளைண்ட் போடுங்கள்" (ஏற்றி இறக்குகிற ஜன்னல் மறைப்பு) என்று சொல்ல வருபவர்கள் தயவுசெய்து அங்கேயே நிற்கவும். மேலே கூரைக்கு வெறும் 6 செ.மீ. வலப்பக்கம் 4 செ.மீ. தள்ளிப் பக்கச் சுவர். கதவைத் திறந்தால் கைப்பிடி இடித்து அந்தச் சுவரில் ஏற்கெனவே ஒரு வடு. இடப்பக்கம் 11 செ.மீ. தள்ளி, தரையிலிருந்து கூரை வரை கட்டப்பட்ட மர அலமாரி. வழக்கமான திரைக் கம்பி ஜன்னலைத் தாண்டி இரண்டு பக்கமும் 15, 20 செ.மீ. போக வேண்டும் என்கிறார்கள். எங்கே போவது, அலமாரிக்குள்ளா?

ஹால்: மூலை ஜன்னல். இரண்டு சுவர்கள் சேரும் இடத்தில் இரண்டு ஜன்னல்கள், நடுவில் 5 செ.மீ. தூண் ஒன்று. ஒவ்வொன்றும் 120 செ.மீ. அகலம், 135 செ.மீ. உயரம். ஒன்று எதிர் வீட்டு பால்கனியைப் பார்க்கிறது. அந்த வீட்டுப் பெரியவர் பாவம், எங்களைப் பார்க்கக் கூடாது என்று வானத்தையே பார்த்து நிற்கிறார். இன்னொன்றுக்கு வெளியே ஒரு மரமும் காலி வானமும்தான்.

குளியலறை: 45க்கு 60 செ.மீ., தெளிந்த கண்ணாடி. கட்டியவருக்கு என்ன நினைப்போ தெரியவில்லை.

அளவெடுத்துச் செய்து தருகிற ஒருவரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர் சொன்ன தொகை ஒரு மாத வாடகைக்குக் கொஞ்சம்தான் குறைவு. அடுத்த வீட்டுக்குப் போகும்போது எந்த ஜன்னலுக்கும் பொருந்தாத ஒன்றுக்கு அவ்வளவு கொடுக்க மனம் வரவில்லை.

வீட்டில் இரண்டு வயதுப் பையன் இருக்கிறான். தொங்குவது எதுவாக இருந்தாலும் இழுப்பான். ஆலோசனை சொல்லுங்கள்.

ஏழுவீடுமாறி:

சகோதரி, இவ்வளவு ஒழுங்காக அளவு கொடுத்துக் கேட்டவரை நான் பார்த்ததில்லை. ஆனால் முக்கியமான அளவு ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்த அலமாரியின் ஆழம் எவ்வளவு? அதாவது ஜன்னல் இருக்கும் சுவரிலிருந்து அறைக்குள் எவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டு இருக்கிறது? அதன் பக்கப் பலகை தட்டினால் டொக் என்கிறதா, டம் என்கிறதா?

இன்னொன்று. ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் ஹால் ஜன்னல் சட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டுகிறதா என்று சொல்லுங்கள்.

இரவுப்பணி:

ஆழம் 58 செ.மீ. தட்டினால் நடுவில் டம், உள்ளே தட்டுகள் பொருத்தியிருக்கும் இடங்களில் டொக். ஹால் ஜன்னலில் வெளிச்சட்டத்தில் காந்தம் சட்டென்று பிடிக்கிறது, திறக்கும் கதவுகளில் பிடிக்கவில்லை. கதவு அலுமினியம் போலிருக்கிறது. எதற்காகக் கேட்கிறீர்கள்?

ஏழுவீடுமாறி:

உங்களுக்கு வழி கிடைத்துவிட்டது என்று சொல்வதற்காக.

ஜன்னலை நெருக்குகிறது என்று நீங்கள் திட்டுகிற அந்தச் சுவரும் அலமாரியும்தான் உங்களைக் காப்பாற்றப் போகின்றன. இரண்டும் எதிரெதிராக நிற்கின்றன. 4, 92, 11 மூன்றையும் கூட்டினால் 107 செ.மீ. அந்த இடைவெளியில் ஸ்பிரிங் வைத்த கம்பி ஒன்றை முட்டுக் கொடுத்து நிறுத்தலாம். டென்ஷன் ராட் என்று கேட்டால் தருவார்கள். ஆணி, ஸ்க்ரூ எதுவும் வேண்டாம். கம்பியை இடைவெளியைவிட இரண்டு மூன்று செ.மீ. நீளமாகத் திருகி வைத்துக்கொண்டு, அமுக்கி உள்ளே நுழைத்துவிட வேண்டும். அது இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு நிற்கும்.

எல்லோரும் செய்கிற தவறு, கம்பியை ஜன்னலை ஒட்டியே மாட்டுவது. உங்கள் கதவு ஒன்று 46 செ.மீ. அகலம். உள்ளே திறந்தால் சுவரிலிருந்து 46 செ.மீ. வரை வரும். அலமாரி 58 செ.மீ. ஆழம். அப்படியானால் கம்பியைச் சுவரிலிருந்து 52 செ.மீ. தள்ளி மாட்டுங்கள். ஜன்னல் கதவுகள் திரைக்குப் பின்னால் தாராளமாகத் திறந்து மூடும். திரையை மூடி வைத்துக்கொண்டே காற்று வாங்கலாம். நாடக மேடைக்குப் படுதா கட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கஷ்டமும் உண்டு. திரை கண்ணாடியிலிருந்து தள்ளிப் போகப் போக வெளிச்சம் மேலேயும் கீழேயும் கசியும். அதனால் கம்பியைக் கூரைக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் மாட்டுங்கள், துணியைத் தரை வரை இறக்குங்கள். துணி நீளம் கூடினால் எடை கூடும். ஒல்லிக் கம்பி வாங்கிவிடாதீர்கள். எடை தாங்கும் அளவு அட்டையில் போட்டிருப்பார்கள், அதுவும் கம்பியை முழுதாக நீட்டினால் குறைந்துவிடும். முட்டும் இடம் அலமாரியில் "டொக்" என்கிற தட்டின் விளிம்பாக இருக்கட்டும். வெறும் பலகையில் முட்டினால் பலகை உள்வாங்கும், கம்பி தளரும்.

ஹாலுக்கு வருவோம். மரத்தைப் பார்க்கிற ஜன்னலை ஏன் மூட வேண்டும்? மரத்துக்கு வெட்கமா? அதை அப்படியே விடுங்கள், பாதிச் செலவு மிச்சம். பால்கனி பார்க்கிற ஜன்னலுக்குக் கீழ்ப் பாதிக்கு மட்டும் மெல்லிய துணி போதும். எதிரில் இருப்பவர் நின்றால் அவர் பார்வை எங்கே விழும் என்று பார்த்து, அதற்கு ஒரு சாண் மேலே வரை மறையுங்கள். மேல் பாதியில் வெளிச்சம் வந்துகொண்டே இருக்கும். இதற்கு இரண்டு முனையிலும் காந்தம் வைத்த தட்டைக் கம்பி கிடைக்கிறது. வெளிச்சட்டம் இரும்பு என்று உங்கள் காந்தமே சொல்லிவிட்டது. மெல்லிய துணி மட்டும்தான் அதில், கனமானதை மாட்டினால் மெதுவாக வழுக்கிக் கீழே வரும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பகலில் வெளியிலிருந்து பார்த்தால் கண்ணாடி போல் மின்னும் ஃபிலிம் விற்கிறார்கள், "ஒருவழிப் பார்வை" என்பார்கள். எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் நிற்பவருக்குத்தான் அது முகம் பார்க்கும் கண்ணாடி. இரவில் விளக்கைப் போட்டதும் நீங்கள் முகம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், எதிர் வீடு உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். என் மூன்றாவது வீட்டில் நான்கு மாதம் கழித்துத்தான் இது தெரிந்தது. அந்த நான்கு மாதத்தைப் பற்றி இதற்கு மேல் கேட்காதீர்கள்.

குளியலறைக்குப் பனிக்கண்ணாடி போன்ற ஃபிலிம், பசை இல்லாத வகை. தண்ணீரில் ஒரு சொட்டுச் சோப்பு கலந்து கண்ணாடியில் நன்றாகத் தெளித்து, ஃபிலிமை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை வழித்து வெளியேற்ற வேண்டும். காலி செய்யும்போது ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும், சுருட்டி அடுத்த வீட்டுக்குக் கொண்டு போகலாம். சொரசொரப்பான கண்ணாடியில் ஒட்டாது, உங்களுடையது வழவழப்புதான் என்று நினைக்கிறேன். கண்ணாடிக்கு மிக அருகில் நின்றால் இரவில் நிழல் உருவம் தெரியும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊசிநூல்:

தங்கச்சி, நான் இருபது வருஷமாகத் திரை தைக்கிறேன். மேலே ஒருத்தர் கம்பியைப் பற்றி நன்றாகச் சொல்லிவிட்டார், துணியைப் பற்றி நான் சொல்கிறேன்.

107 செ.மீ. இடத்துக்கு 107 செ.மீ. துணி வாங்கிவிடாதே. இழுத்துப் பிடித்த பாய் மாதிரி இருக்கும், ஓரமெல்லாம் வெளிச்சம். வெளிச்சம் தடுக்கும் பிளாக்கவுட் துணி தடிமனானது, அதற்கு ஒன்றரை மடங்கு போதும், 160 செ.மீ. என்று வைத்துக்கொள். ஹாலுக்குப் போடுகிற மெல்லிய துணி என்றால் இரண்டு மடங்காவது வேண்டும், இல்லாவிட்டால் வலை மாதிரி தெரியும்.

படுக்கையறைக்கு இரண்டு துண்டாகத் தைக்காதே. இரண்டு துண்டு போட்டால் நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் நிச்சயம், அது சரியாக உன் கண்ணில்தான் விழும். ஒரே துண்டு. சுவர்ப் பக்கம் ஒதுக்கி வைத்துக்கொள், அலமாரிப் பக்கமாக இழுத்து மூடு.

வளையம் பொருத்திய திரை வாங்காதே. பெரிய ஓட்டை வளையங்கள் இருக்கும் பார், அதில் திரை முன்னும் பின்னும் நெளியும், ஒவ்வொரு நெளிவிலும் மேலே இடைவெளி விடும். தூங்குகிற அறைக்கு ஆகாது. தலைப்பில் துணியை 4 செ.மீ. அதிகமாக விட்டு, பின்பக்கம் பட்டிகள் தைத்து, அந்தப் பட்டிகளில் கம்பியை நுழை. அதிகமாக விட்ட துணி கம்பிக்கு மேலே கொண்டை மாதிரி நின்று கூரை இடைவெளியை மறைக்கும். முழுக் கம்பியையும் மடிப்புக்குள் நுழைத்தாலும் மறைக்கும், ஆனால் இழுப்பதற்குள் கை வலிக்கும். பட்டி என்றால் நகரும்.

எடைக் கணக்கும் பார்த்துக்கொள். பிளாக்கவுட் துணி சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 250லிருந்து 300 கிராம் வரை வரும். உன் திரை 160 செ.மீ. அகலம், இரண்டரை மீட்டர் நீளம். அதாவது நான்கு சதுர மீட்டர். ஒரு கிலோவுக்கு மேலேயே வந்துவிடும். பையன் பிடித்து இழுத்தால் எவ்வளவு என்று நீயே கணக்குப் போடு.

பின்பக்கம், அதாவது கண்ணாடியைப் பார்க்கும் பக்கம், வெள்ளையாக இருக்கட்டும். கறுப்பாக இருந்தால் வெயிலை வாங்கி அறைக்குள் அடுப்பு மாதிரி விடும். முன்பக்கம் உன் இஷ்டம்.

பழைய படுக்கை விரிப்பு இருக்கிறதா? ஹால் திரைக்கு அதுவே போதும், புதுத்துணி வாங்காதே. புதுப் பருத்தி வாங்கினால் தைப்பதற்கு முன் ஒருமுறை துவைத்துக் காயப்போடு. முதல் சலவையில் சுருங்கும், பிறகு உன் திரை முழங்கால் தெரிகிற பாவாடை மாதிரி நிற்கும். இதைச் சொல்லியும் கேட்காதவர்கள்தான் என்னிடம் திரும்ப வருகிறவர்கள்.

பகல்தூக்கம்:

அக்கா, நானும் இரவு வேலைதான். இவ்வளவு பாடு எதற்கு? பெரிய அட்டைப் பெட்டியைக் கண்ணாடி அளவுக்கு வெட்டி, ஒரு பக்கம் அலுமினியத் தாளை ஒட்டி, கண்ணாடியில் அழுத்தி வைத்துவிடுங்கள். நான் இரண்டு வருடமாக அப்படித்தான் இருக்கிறேன். ராத்திரி மாதிரி இருட்டு. காசு ஒன்றும் ஆகாது. பார்க்க அசிங்கமாக இருக்கும் என்பார்கள், தூங்குகிறவனுக்கு எதற்கு அழகு?

ஏழுவீடுமாறி:

தம்பி, இருட்டுக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். என் முதல் வீட்டில் நானும் அதையே செய்தேன். இரண்டு விஷயம். ஒன்று, இரண்டு அடுக்குக் கண்ணாடியாக இருந்து நேர் வெயிலும் அடித்தால், வெயிலைத் தடுக்கும் எதையும் கண்ணாடியோடு ஒட்டி வைப்பது ஆபத்து. நடுப்பகுதி சூடாகும், சட்டத்துக்குள் இருக்கும் ஓரம் குளிர்ச்சியாகவே இருக்கும், அந்த வித்தியாசத்தில் கண்ணாடி விரிசல் விடலாம். வாடகை வீட்டுக் கண்ணாடி விரிந்தால் திரைக்கு மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். இரண்டு, குளிர் நாளில் கண்ணாடியில் வேர்க்கும் ஈரம் அட்டைக்குப் பின்னால் காயாது. நான் அட்டையை எடுத்தபோது பின்னால் கறுப்பாகப் பூஞ்சை. உங்களுக்கு வரவில்லை என்றால் சந்தோஷம், ஆனாலும் வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

அப்புறம் சகோதரி, பையன் இருக்கிறான் என்றீர்களே. எந்த பிளைண்ட் வாங்கினாலும் கயிறு தொங்குகிற வகை வேண்டவே வேண்டாம். வளையமாகத் தொங்கும் கயிறு கழுத்தில் மாட்டிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன பிளைண்ட் ஏதாவது வீட்டில் இருந்தால் அதையும் கழற்றி வைத்துவிடுங்கள், கட்டிலையும் ஜன்னலை விட்டுத் தள்ளிப் போடுங்கள்.

இரவுப்பணி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது.

முதலில் என் தவறு. ஏழுவீடுமாறி அண்ணா சொல்லியும் கேட்காமல் ஒல்லிக் கம்பியைத்தான் வாங்கினேன். 16 மி.மீ. கடையில் அது அழகாக இருந்தது. மூன்றாம் நாள் காலை பதினொன்றரைக்கு, நான் நல்ல தூக்கத்தில் இருக்கும்போது, கம்பியும் திரையும் சேர்ந்து கீழே விழுந்தன. நான் எழுந்து உட்கார்ந்து "எந்த பெட்?" என்று கேட்டதாகக் கணவர் சொல்கிறார். பையன் ஓடிவந்து துணிக்குள் புகுந்து, இன்னொருமுறை விழச் சொன்னான்.

விழுந்ததற்குக் காரணம் எடை மட்டும் இல்லை. அலமாரிப் பலகை வழவழப்பாக இருப்பதால் அந்த முனை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. பலகையில் இரண்டு செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு தெரிந்தது. இப்போது 25 மி.மீ. கம்பி. பழைய சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டி, இரண்டு முனைக்கும் சுவருக்கும் நடுவில் வைத்தேன். அலமாரியின் மேல்தட்டு கூரையிலிருந்து 3 செ.மீ. கீழே இருக்கிறது, முனை சரியாக அதன் விளிம்பில் முட்டுகிறது. அதற்கும் மேலாக, முனைகளுக்குக் கீழே ஒட்டுகிற சிறு தாங்கிகள் இரண்டு. ஒட்டும் முன் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ஒரு மணி நேரம் விட்டுத்தான் பாரம் ஏற்றினேன். ஸ்பிரிட்டுக்கு எங்கள் வேலையில் பஞ்சமில்லை. பதினாறு நாளாக நிற்கிறது. பையன் இழுத்துப் பார்த்துவிட்டான், இரண்டு முறை.

ஒரே துண்டாகத் தைத்தது மிகச் சரியான யோசனை, அக்கா. பட்டிகளை நானே கையால் தைத்தேன், கோணலாகத்தான் இருக்கின்றன, பின்பக்கம்தானே. அலமாரி ஓரத்தில் வெளிச்சம் கசிந்ததால் பலகையில் மூன்று இடத்தில் வெல்க்ரோ ஒட்டினேன். அங்கேதான் ஒரு வேடிக்கை. மூன்று மணிக்கு நான் எழுந்து திரையைப் பிரித்தால் "சர்ர்" என்று ஒரு சத்தம், அடுத்த அறையில் மதியத் தூக்கத்தில் இருக்கும் பையன் விழித்துக்கொள்கிறான். இப்போது கீழே இருக்கும் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற இரண்டையும் பிய்த்துவிட்டேன். நடுவில் கொஞ்சம் வெளிச்சம் வருகிறது, வரட்டும்.

இருட்டு எவ்வளவு என்று கேட்பீர்கள். கையை முகத்துக்கு நேரே நீட்டினால் கை இருப்பது தெரிகிறது, விரலை எண்ண முடியவில்லை. கொண்டைத் துணி 4 செ.மீ. விட்டும் கூரையில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு விழுகிறது. முதல் இரண்டு நாள் அதைப் பார்த்து எரிச்சலாக இருந்தது. இப்போது அதுதான் எனக்குக் கடிகாரம். கோடு வெள்ளையாக இருந்தால் இன்னும் தூங்கலாம், சாம்பல் நிறமாகிவிட்டால் வெயில் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது, மதியம் ஆகிவிட்டது. கைப்பேசியைத் தொட வேண்டியதே இல்லை.

ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்க முடிகிறது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. காற்று பலமாக அடித்தால் திரை வயிறு மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. கீழ் மடிப்பில் பழைய சாவிகள் நாலைந்தைப் போட்டுத் தைத்தேன், அடங்கிவிட்டது. எந்தப் பூட்டின் சாவிகளோ, யாருக்கும் தெரியாது.

ஹாலில் காந்தக் கம்பி, பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பு, 75 செ.மீ. உயரம். மாட்டிவிட்டு இரவில் எல்லா விளக்கையும் போட்டுக் கணவரை உள்ளே நடக்கச் சொல்லிவிட்டு, நான் தெருவில் போய் நின்று பார்த்தேன். தலை மட்டும் தெரிகிறது, துணிக்கு மேலே மிதந்துகொண்டு போகிறது. தலை தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டுவிட்டோம். எதிர் வீட்டுப் பெரியவர் இப்போதெல்லாம் நேராகவே பார்க்கிறார், நேற்று கையசைத்தார்.

மொத்தச் செலவு, அந்த ஒல்லிக் கம்பியையும் சேர்த்து, அளவெடுக்க வந்தவர் கேட்டதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை.

தோல்வியும் ஒன்று உண்டு. கம்பி வருவதற்கு முன், முதல் வாரத்துக்கு என்று மடிப்புக் காகித பிளைண்ட் ஒன்றை ஜன்னலுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தேன். கத்தியால் அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம், கயிறு கிடையாது, நல்ல பொருள்தான். எடுக்கும்போது என் பக்கமாக வெடுக்கென்று இழுத்தேன். உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் அதோடு வந்துவிட்டது. ஓனருக்கு இன்னும் தெரியாது. திரை மறைத்துக்கொண்டிருக்கிறது.

இன்னொரு கேள்வி: குளியலறை ஃபிலிம் நன்றாக ஒட்டியது, ஆனால் கீழ் மூலை இரண்டும் சுருண்டு எழும்புகின்றன. என்ன செய்யலாம்?

ஏழுவீடுமாறி:

சாவி யோசனையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஃபிலிமைச் சட்டம் வரை முட்ட வெட்டியிருக்கிறீர்கள். கண்ணாடி ஓரத்தில் சிலிகான் பூசியிருப்பார்கள், ஃபிலிம் அதன் மேல் ஏறி நிற்கிறது, ஈரம் உள்ளே போகிறது, சுருள்கிறது. கூரான கத்தியாலும் ஒரு அளவுகோலாலும் நான்கு பக்கமும் இரண்டு மி.மீ. குறைத்துவிடுங்கள். கண்ணாடியை நன்றாகத் துடைத்து, மறுபடி நனைத்து ஒட்டுங்கள். இந்த முறை ஒட்டிவிட்டு அன்று முழுவதும் அங்கே வெந்நீர் ஓடவிடாதீர்கள்.

பெயிண்ட் விஷயம்: ஒட்டியதை எப்போதும் சுவரோடு சேர்த்துக் கீழ்நோக்கி மெதுவாக இழுக்க வேண்டும், நம் பக்கமாக இழுத்தால் பெயிண்ட்தான் வரும். முதலில் முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினால் இன்னும் சுலபம். உதிர்ந்த துண்டு கையில் இருக்கிறதா? தூக்கிப் போடாதீர்கள். கடையில் காட்டினால் நிறம் பார்த்துக் கலந்து கொடுப்பார்கள். ஓனரிடம் நீங்களே சொல்லிவிடுவது நல்லது, டிரில் போட்டவரோடு ஒப்பிட்டால் நீங்கள் தெய்வம்.

இரவுப்பணி:

துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். குப்பை வண்டி நாளைதான் வரும், போய்த் தேடுகிறேன்.

ஊசிநூல்:

கோணல் பட்டியைப் பிரித்துவிட்டு எனக்கு ஒரு படம் அனுப்பு, தங்கச்சி. கையால் தைத்த பட்டி ஒரு கிலோவை எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியும். இரட்டை நூல் போட்டாயா?

இரவுப்பணி:

ஒற்றை நூல்தான், அக்கா. ஞாயிற்றுக்கிழமை விடுப்பு, அன்று பிரிக்கிறேன்.